ஆயிரத்து ஐந்நூறில் நின்ற முள்

“மாலா, அந்த ப்ளேன் ஏன் நம்ம உசரத்துலயே வருது?”

என் கணவர் நாதன் இதைக் கேட்டபோது குரலை உயர்த்தவே இல்லை. பாசாரில் மீன்காரரிடம் இன்றைக்குக் கெம்போங் என்ன விலை என்று விசாரிப்பாரே, அதே தொனி.

நாங்கள் இருவரும் எங்கள் சின்ன விமானத்தில், பினாங்கின் இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். அவர் வலப்பக்க இருக்கையில், பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். காட்டுப்புகை வந்து மூடும் ஜெரெபு மாதம். புகைமூட்டத்தில் பாலம் பாதியோடு காணாமல் போயிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அவர் கேட்டதும் நான் வெளியே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. முன்னால் இருந்த உயரமானியைப் பார்த்தேன். முள் ஆயிரத்து ஐந்நூறு அடியில் அசையாமல் நின்றது.

“அது நமக்கு ஆயிரம் அடி மேல போகுதுங்க. தூரத்துல பார்த்தா அப்படித்தான் தெரியும்.”

“இல்ல லா மாலா. மேல இல்ல. நேரா வருது.”

“உங்களுக்கு இது முதல் தடவ. சும்மா இருங்க.”

அந்த ‘சும்மா இருங்க’வை இன்றைக்கும் திரும்பப் பெற முடிந்தால் பெற்றுக்கொள்வேன். இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு காலையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பத்திரிகை ஆசிரியர் இரண்டு முறை ஜாடையாகக் கேட்டுவிட்டார். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ரசக் கிண்ணமும் உப்புச் சிமிழும்

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். பச்சையாகச் சொன்னால், அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்து எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு விமானம் ஓட்டும் பைத்தியம் பிடித்தது. லைசென்ஸ் எடுத்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய நாலு இருக்கை விமானத்தை வாங்கி பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்தோம்.

நாதன் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியர். என் விமானத்தில் ஏறமாட்டேன் என்று வருடக்கணக்காகச் சாதித்தவர். கீழே விழுந்துவிடுவோம் என்ற பயம் அவருக்குக் கிடையாது. பெரிய விமானம் வந்து இடித்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். “லாரி கூட்டத்துல மோட்டார் ஓட்டுற மாதிரி லா அது” என்பார். காலையில் பிறைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற எவருக்கும் அந்தப் பயம் புரியும்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், சாப்பாட்டு மேசையில் வைத்து அவருக்குப் பாடம் எடுத்தேன். ரசக் கிண்ணம் பெரிய விமானம். உப்புச் சிமிழ் நாங்கள்.

“முதல்ல ஏர்போர்ட் டவர். ரெண்டு பேரையும் திரையில பார்த்து, நீ இந்த உசரத்துல இரு, நீ அந்த உசரத்துல வான்னு பிரிச்சு வைப்பாங்க. ரெண்டாவது, நம்ம ப்ளேன்ல ஒரு பெட்டி இருக்கு. நாம எவ்வளவு உசரத்துல இருக்கோம்னு அது விடாம சொல்லிக்கிட்டே இருக்கும். மூணாவது, பெரிய ப்ளேன்ல ஒரு கருவி. நம்ம பெட்டி சொல்றதக் கேட்டுக்கிட்டே இருக்கும். ரொம்ப நெருங்குனா பைலட்டக் கத்திக் கூப்பிடும். போதுமா?”

நாதன் ரசக் கிண்ணத்தையே பார்த்தார். “அந்தப் பெட்டிக்கு உசரத்த யாரு சொல்றா?”

“ப்ளேனோட பக்கத்துல ஒரு சின்னத் துளை இருக்கு. மேல போகப் போகக் காத்தழுத்தம் குறையும் இல்ல? அத வச்சு உசரம் தெரியும்.”

“நீ பார்க்கிற முள்ளுக்கு?”

“அதே துளைதான்.”

“அப்ப டவர் பார்க்கிறது, பெரிய ப்ளேன் கேக்கிறது, நீ பார்க்கிறது எல்லாம் ஒரே துளை. இது மூணு சாட்சி இல்ல மாலா. ஒரே சாட்சிய மூணு தடவ கேக்கிறீங்க.”

நான் சிரித்தேன். வீட்டிலும் பேப்பர் திருத்தாதீர்கள் என்று கிண்டல் செய்தேன். அந்தத் துளையை ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் பார்ப்போம், அடைபட்டாலும் உள்ளேயிருந்து காற்றெடுக்க மாற்று வழி உண்டு என்றெல்லாம் சொல்லி, ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தேன். ஆயுத பூஜை அன்று காலை, பூஜை முடித்துவிட்டு ஒரு சுற்று, அவ்வளவுதான் என்று பேச்சு.

கிரேனுக்குப் பொட்டு வைத்த குடும்பம்

என் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வருடம் பூராவும் அந்தக் கிரேனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். ஆயுத பூஜை அன்று மட்டும் அதற்கு ஒரே உபசாரம். மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பல் விளக்காமல்கூட இருந்துவிடுவார், கிரேனுக்குப் பொட்டு வைக்காமல் இருக்கமாட்டார் என்று அம்மா கேலி செய்வார்.

எங்கள் தொழிற்சாலையிலும் அந்தப் பழக்கம் உண்டு. ஒரு வருடம் யாரோ பக்தி முற்றிப்போய், மின்சுற்றுப் பலகைகளை எண்ணும் கருவியின் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார்கள். அந்தக் காலை முழுவதும் வேலை நின்றது. உடனே ஒரு சுற்றறிக்கை போனது: இனிமேல் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மட்டும் பொட்டு வைக்கலாம், கண், துளை, கண்ணாடி இவற்றின் அருகே வைக்கக் கூடாது. எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூஜை அன்று காலையில் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். நாதன் மாலையும் சந்தனமும் வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். சும்மா நிற்பானேன் என்று விமானத்தைச் சுற்றி வந்து கிளம்புவதற்கு முந்தைய சோதனைகளைச் செய்துவிட்டேன். எண்ணெய் பார்த்தேன், டயர் பார்த்தேன், பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தச் சின்னத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பட்டியலில் டிக் போட்டேன்.

பிறகு நாதன் வந்தார். பூஜை நடந்தது. பெட்ரோல் இருக்கும் இடம் என்பதால் கற்பூரம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்குப் பாதுகாப்பில் அக்கறை எனக்கு! சந்தனத்தை அவர்தான் கரைத்தார். பன்னீர் கூடிப்போய்க் கூழாக இருந்தது. நான் விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தேன்.

“மூக்குல மட்டும் வச்சா போதுமா? நீ உட்காருற பக்கமும் ஒண்ணு வையேன்” என்றார் நாதன். முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாவமாக இருந்தது. மனிதர் எனக்காகத்தானே வருகிறார். இடப்பக்கம் போய், என் கதவுக்கு முன்னால், பெரிதாகவே ஒரு பொட்டு வைத்தேன். அந்தத் துளைக்கு நாலு விரல் முன்னால். துளையின் மேல் வைக்கவில்லை. நாலு விரல் தள்ளித்தான். இந்த நாலு விரலைப் பிற்பாடு எத்தனை நாள் பிடித்துத் தொங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். பூஜைக்குப் பிறகு மறுபடி ஒரு சுற்று வந்து பார்க்கவில்லை. சாமி கும்பிட்ட கையோடு சோதனை போடுவது ஏதோ சாமியைச் சந்தேகப்படுவது போல இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படிக்கூட யோசிக்கவில்லை. மறந்தேன், அவ்வளவுதான்.

மேலே வயிறு, கீழே கடல்

ஏறும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முள் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறி ஆயிரத்து ஐந்நூறில் நின்றது. தென்பக்கமாகப் போய்த் திரும்பினோம். நாதனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்தது. “எங்க ஸ்கூல் தெரியுமா?” என்று கேட்டார். அது வேறு திசை என்றேன்.

திரும்பி வரும்போது டவரில் இருந்த பெண் என்னைப் பாலத்துக்குப் பக்கத்தில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னாள். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகக் கூடாது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பயணிகள் விமானம் இரண்டாயிரத்து ஐந்நூறில் எனக்கு மேலாகக் கடந்து இறங்கப் போகிறது. நான் சரி என்றேன்.

வட்டமடித்தேன். முள் இம்மி நகரவில்லை. இவ்வளவு சீராக நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. “பார்த்தீங்களா, கோடு போட்ட மாதிரி ஓட்டுறேன்” என்று நாதனிடம் பீற்றிக்கொண்டேன். வேகம் மட்டும் லேசாகக் குறைந்தது போலக் காட்டியது. எஞ்சினுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். மறுபடி குறைந்தது. மறுபடி கூட்டினேன்.

ஒரு பயிற்சி மாணவிகூட அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முள் அசையாததும் வேகம் குறைவாகக் காட்டுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். துளை அடைபட்டிருந்தது. வேகம் குறைந்ததாக நினைத்து நான் கூட்டக் கூட்ட, விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஜெரெபில் கடல் சரியாகத் தெரியாததால் ஏறுவது கண்ணுக்குப் பிடிபடவில்லை. முள் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நாதன் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சும்மா இருக்கச் சொன்னேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படி நடந்ததே இல்லை.

“பாரு டீ!”

பார்த்தேன். புகைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளை விளக்குகள். அவை பக்கவாட்டில் நகரவில்லை, மேலே போகவில்லை, கீழே போகவில்லை. கண்ணாடியில் அதே இடத்தில் இருந்துகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தன. நகராமல் பெரிதாகிற விளக்கு உன் மேல்தான் வருகிறது என்பது முதல் மாதப் பாடம்.

கையிலிருந்த ஸ்டியரிங்கை முழுதாக முன்னால் தள்ளி வலப்பக்கம் சாய்த்தேன். நாதனின் மூக்குக்கண்ணாடி பறந்து கூரையில் மோதியது. தலைக்கு மேலே வெளிச்சம் அணைந்தது போல ஒரு நிழல். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு விமானத்தின் வயிறு. அதன் சக்கரக் கதவுகளின் ஓரத்தில் வழிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில். எங்கள் எஞ்சின் சத்தத்தை மீறி அந்த இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. பிறகு அது கிளப்பிய காற்று எங்களைப் புரட்டியது. எப்படி நேராக்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நேரானபோது கடல் மிகப் பக்கத்தில் இருந்தது. ஒரு மீன்பிடிப் படகில் நின்றவர் எங்களை அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. அவருடைய மஞ்சள் சட்டைகூடத் தெரிந்தது.

உயரமானியைப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறு.

அந்தப் பெரிய விமானத்தைப் பார்த்தபோதுகூட என் உடம்பு அப்படிச் சில்லிட்டுப் போகவில்லை. என் முள் பொய் சொன்னால் என் பெட்டியும் பொய் சொல்கிறது. டவர் திரையிலும் ஆயிரத்து ஐந்நூறு. அந்தப் பெரிய விமானத்தின் கருவிக்கும் ஆயிரத்து ஐந்நூறு. அதனால்தான் அது கத்தவில்லை. அந்த வானத்தில் உண்மையைப் பார்த்தது, எந்தக் கருவியையும் படிக்கத் தெரியாத என் கணவருடைய கண் மட்டும்தான்.

வானொலியில் பெரிய விமானத்தின் பைலட் பேசினார். கடைசி நொடியில் எங்களைப் பார்த்து அவரும் ஒதுங்கியிருக்கிறார். டவர் பெண், “எனக்கு இப்பவும் ஆயிரத்து ஐந்நூறுன்னுதான் காட்டுது” என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

ஒரு கைக்குட்டை

இறங்கி எஞ்சினை அணைத்தோம். நாதன்தான் சுற்றி வந்து என்னைப் பிடித்து இறக்கினார்.

குமரேசன் அண்ணன் ஓடி வந்தார். எங்களுடையது உட்பட அங்கே நிற்கும் சின்ன விமானங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற லைசென்ஸ் பெற்ற பொறியாளர் அவர். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வருகிறவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“முள்ளு நின்னுருச்சுண்ணே” என்றேன்.

அவர் உடனே அந்தத் துளையைக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. “இரு தங்கச்சி, டார்ச் எடுத்தாறேன்” என்று ஓடினார்.

நான் குனிந்தேன். என் பொட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு பின்னால் போயிருந்தது. எஞ்சின் காற்று அந்தக் கூழைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நாலு விரல் தூரம். கோடு முடிந்த இடத்தில் துளை. அதில் சந்தனமும் எண்ணெய்ப் புகையும் கலந்து, மண் போல இறுகிய ஓர் அடைப்பு.

நாதன் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கையில் கைக்குட்டை இருந்தது. அதை வாங்கினேன். பொட்டையும் கோட்டையும் அழுத்தித் துடைத்தேன். துளையைத் தொடவில்லை.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்துத்தான் செய்தேன். ஒரு நொடி போதும் அதற்கு.

குமரேசன் அண்ணன் வந்து டார்ச் அடித்து, பல்குத்தும் குச்சியால் கிளறினார். பழுப்பாக ஒரு துணுக்கு உதிர்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“குளவி மண்ணு, தங்கச்சி. நேத்து சாயங்காலம் நான் மூடி போடல. மறந்துட்டேன். குளவி கூடு கட்டிருச்சு. என் தப்பு.”

வெளியே நிற்கும் விமானத்தின் துளையில் குளவி கூடு கட்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதற்காகவே ஒரு மூடி உண்டு. அவர் மறந்தது உண்மை. ஆனால் காலையில் துளை சுத்தமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம்

விசாரணை வந்தது. துளை அடைபட்டதால் கருவிகள் தவறாகக் காட்டின என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எதனால் அடைபட்டது என்பதைக் குமரேசன் அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை அவருடைய லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். எனக்குப் பறக்கத் தடை. ஆனால் அனுதாபமும் கிடைத்தது. சமயத்தில் சமாளித்தாய் என்று நண்பர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாதன் அந்தக் கைக்குட்டையைத் துவைக்கவும் போடவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “அந்த மனுசன் வீட்டுல இப்ப என்ன பண்றாரோ” என்றார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள், தொழிற்சாலை கேண்டீனில் சம்பளப் பிரிவுக் கலா அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“கேஎல்ல மக வீட்டுக்குப் போயிட்டு ஆயுத பூஜ அன்னைக்குக் காலையில திரும்பி வந்தேன் பாரு, அந்த ப்ளைட்டுல என்னா ஆட்டம் லா! இறங்குற நேரத்துல திடீர்னு ஒரு சாய்ப்பு சாய்ச்சான். பக்கத்துல ஒரு பொண்ணு, மடியில கைப்பிள்ள. அது என் மேல வந்து விழுந்துச்சு. பிள்ள சிரிக்குது! நான் கம்ப்ளைன் எழுதிப் போட்டுட்டேன். இப்படியா ஓட்டுவான்?”

இதுவரை அது எனக்கு ஒரு வயிறு, ஓர் எண்ணெய்க் கறை, ஓர் இரைச்சல். உள்ளே கலா அக்கா இருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. சிரித்த பிள்ளை இருந்தது. அந்த பைலட் மேல் புகார் போயிருக்கிறது.

“என்ன மாலா, முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா” என்று எழுந்துபோய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன்.

சிம்பாங் அம்பாட்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாதனும் நானும் குமரேசன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். நாதன் காரிலேயே இருந்துகொண்டார். “நீதான் போகணும்” என்றார்.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வா தங்கச்சி, உடம்பு தேவலையா?” என்று கேட்டார். அவர் என் உடம்பை விசாரித்தார்!

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் டார்ச் அடித்தது, பொட்டு, கோடு, கைக்குட்டை. எதையும் விடவில்லை. நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“லைசென்ஸ் போனா போவுது” என்றார். “என் மக இருக்கா பாரு, யாழினி. அவ அன்னைக்கு ராத்திரி கேட்டா. ‘அப்பா, அத்தன பேரையும் சாகடிக்கப் பார்த்தது நீங்களா?’ன்னு. நான் ஆமான்னு சொன்னேன் தங்கச்சி. பிள்ளைகிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு ஆமான்னு சொன்னேன். அன்னையிலேருந்து அவ என் காடியில ஏறமாட்டேங்கிறா. நீங்க செக் பண்ண வண்டியில ஏற பயமா இருக்குப்பான்னு சொல்லிட்டா. டியூஷனுக்கு பஸ்ஸுல போறா.”

அவர் வீட்டுக்குள் கை காட்டினார்.

“உள்ளதான் இருக்கா. போய் அவகிட்ட சொல்லு. ஆபீசருக்கு அப்புறம் எழுதலாம். மொதல்ல அவகிட்ட சொல்லு.”

உள்ளே போனேன். பதினேழு வயதுப் பெண். புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விசாரணை அதிகாரிகள் முன்னால் தெளிவாகப் பேசிய எனக்கு அவள் முன்னால் வார்த்தை தடுமாறியது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. பையை மூடிவிட்டுக் கேட்டாள்.

“ஆன்ட்டி, மூடி போட மறந்தது அப்பாதானே?”

“ஆமாம்மா. ஆனா அதனால ஒண்ணும் ஆகல. காலையில துளை சுத்தமா இருந்துச்சு. நான் பார்த்தேன்.”

“குளவி வந்திருந்தா?”

“வரலம்மா.”

“வந்திருந்தா?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குமரேசன் அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு காடிப் பக்கம் நின்றிருந்தார். கதவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

“வாம்மா, நான் கொண்டுபோய் விடுறேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பஸ் வந்துரும்பா” என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அண்ணனுக்கு லைசென்ஸ் திரும்ப வந்தது. அந்த பைலட்டுக்கும் கடிதம் எழுதினேன். என் லைசென்ஸ் போனது. நான் திரும்பக் கேட்கவில்லை. இப்போதும் அண்ணனை எப்போதாவது பாசாரில் பார்ப்பேன். நின்று பேசுவார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். யாழினி அவருடைய காடியில் மறுபடி ஏறினாளா என்று கேட்க மட்டும் எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.